"ஏதாவது வேணும்னா சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அடுத்து என்ன? (பள்ளி நூலகர்களும் ஆசிரியர்களும் புனைபெயரில் பேசிக்கொள்ளும் ஓர் இணைய உரையாடல்)

புதுச்சாவி

பள்ளி நூலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. கேட்டலாக், இஷ்யூ, ஸ்டாக் சரிபார்ப்பு எல்லாம் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வராத ஒன்று, ஆசிரியர்கள்.

முதல் வாரமே எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டேன். "உங்கள் பாடங்களுக்கு நூலகம் எப்படி உதவலாம் என்று தெரிவித்தால் மகிழ்ச்சி." இருபத்திரண்டு பேரில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர், லேமினேஷன் மெஷின் உங்களிடம்தானே இருக்கிறது என்று கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை ஏழாம் வகுப்பிலிருந்து 34 பிள்ளைகள் திடுதிப்பென்று வந்து நின்றார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு: "நீர். ப்ராஜெக்ட். நான்கு பக்கம். படங்களுடன்." எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது நீரியல், நூலக வகைப்பாட்டில் டூயி எண் 551.48. அந்த அடுக்கில் மூன்று புத்தகங்கள். முதலில் ஓடிய மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள். மற்ற 31 பேர் நான்கு கணினிகளைச் சூழ்ந்துகொண்டு விக்கிப்பீடியாவின் முதல் பத்தியை எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பையன் என்னிடம் வந்து, "மிஸ், நாலு பக்கம் வர்ற மாதிரி பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துத் தர்றீங்களா?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கும்போது அந்த அறிவியல் டீச்சர் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: "லைப்ரரிக்கு அனுப்பினேன், முப்பத்து நாலும் ஒரே பத்தியைக் காப்பியடிச்சு வந்திருக்கு." உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆசிரியர்களோடு இணைந்து கற்பிப்பது பற்றிப் படிப்பில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் நடைமுறையில் முதல் அடியை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

தாள்வாசனை

பத்தொன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். நானும் அந்த மெயிலை அனுப்பியவள்தான், அப்போது அது சர்க்குலர்.

அதில் என்ன கோளாறு தெரியுமா? உதவி செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறீர்கள். நூலகத்தில் என்ன இருக்கிறது, உங்களுக்கு என்ன தெரியும், அது தன் பாடத்தில் எங்கே பொருந்தும் என்று அந்த டீச்சர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். யோசித்து, கேட்க வேண்டும். யாருக்கு நேரம் இருக்கிறது?

இனிமேல் ஒன்றே ஒன்று கேளுங்கள். "அடுத்த ப்ராஜெக்ட் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்குக் காட்டுகிறீர்களா? புத்தகம் எடுத்து வைக்கிறேன்." அவ்வளவுதான். இணைந்து கற்பித்தல் என்ற சொல்லை வாயில் எடுக்கவே வேண்டாம்.

கேள்வி கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை உங்கள் பக்கம் வந்துவிடும். நீர் என்றதும் 551.48க்கு ஓடினீர்கள். தப்பில்லை, எல்லாரும் ஓடுவோம். ஆனால் மெல்வில் டூயி 1876இல் புத்தகங்களுக்கு எண் கொடுத்துப் போட்ட அடுக்கு துறை துறையாகப் பிரித்தது, பொருள் பொருளாக அல்ல. நீர் அங்கே ஒரு இடத்தில் இருக்காது. நீர்வளமும் அதன் பங்கீடும் 333.91. ஊருக்குக் குடிநீர் வழங்குவது 363.61. வேதிப்பொருளாக நீர் 546.22. குளம், ஆற்று உயிர்ச்சூழல் 577.6. அணை 627.8. சுத்திகரிப்பு 628.1. கிணற்றுப் பூதக் கதை வேண்டுமா, 398.2. உங்கள் நூலகத்தில் மூன்று புத்தகம்தான் இருந்தது என்று நான் நம்பவில்லை. இருபதாவது இருந்திருக்கும், ஏழு இடத்தில் சிதறி. இது டீச்சருக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரியும். இணைந்து வேலை செய்ய நீங்கள் கொண்டுவரும் முதல் சரக்கு இதுதான்.

கரும்பலகை7

நான் அறிவியல் ஆசிரியர். அந்தப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். அதில் அட்டெண்டன்ஸ், நேற்று வராதவர்கள், "சார் பேனா இல்ல". உண்மையில் பாடம் நடப்பது 30 நிமிடம். போர்ஷன் முடியவில்லை என்றால் கேள்வி கேட்கப்படுவது நான், நூலகர் அல்ல. ஆகவே யாராவது வந்து "சேர்ந்து திட்டமிடலாம்" என்று சொன்னால் என் காதில் விழுவது "இன்னொரு மீட்டிங்".

இன்னொன்று, இதை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். "நீர், நான்கு பக்கம்" என்ற சீட்டு நானும் கொடுத்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு நோட்டு திருத்திவிட்டு எழுதிய கேள்வி அது. அது மோசமான கேள்வி என்று எனக்கே தெரியும். அதை நேற்று வந்த ஒருவர் நாலு பேர் முன்னால் சொன்னால் அந்த நூலகப் பக்கமே அப்புறம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

அந்த டீச்சர் புலம்பியது உங்களைப் பற்றி அல்ல. 34 காப்பியையும் திருத்த வேண்டிய தன் தலைவிதியைப் பற்றி.

உதவி செய்கிறேன் என்று வராதீர்கள். உதவி கேட்டு வாருங்கள். "இந்த அடுக்கில் எது காலாவதி என்று எனக்குத் தெரியவில்லை, பத்து நிமிடம் பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று ஒரு நூலகர் ஒருமுறை என்னிடம் கேட்டார். ஒரு மணி நேரம் நின்றேன்.

ஒற்றைஆள்

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. என் நிலைமை: ஒரே ஆள், வாரம் 26 நூலகப் பாடவேளை, அத்தனையும் டைம்டேபிளில் அடித்த ஆணி. ஆசிரியர் பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டு நோட்டுக் கட்டோடு போய்விடுவார். அவருக்கு அது ஃப்ரீ பீரியட். யாராவது லீவு என்றால் சப்ஸ்டிட்யூஷனுக்கும் நான்தான்.

நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து வேலை செய்தால் பிள்ளைகளின் எழுத்தறிவும் வாசிப்பும் கற்றலும் உயர்கின்றன என்று யுனெஸ்கோவும் உலக நூலகக் கூட்டமைப்பான இஃப்லாவும் 1999இலேயே பள்ளி நூலக அறிக்கையில் எழுதிவிட்டன. எந்த பீரியடில் என்று எழுதவில்லை.

புதுச்சாவி, உங்கள் அத்தியாயத்தில் அந்த நாலு கட்டப் படமும் இருந்திருக்குமே. அதில் நான் பூஜ்யமாவது கட்டம்.

தாள்வாசனை

ஒற்றைஆள் சார் சொல்வது நூலகவியல் ஆய்வாளர் பட்ரீசியா மான்டியல்-ஓவரால் ஆசிரியர்-நூலகர் ஒத்துழைப்பு பற்றி 2005இல் எழுதிய மாதிரியை. முதலாவது, இருவரும் நேரத்தையும் பொருளையும் ஒத்துப்போகச் செய்வது: புத்தகம் எடுத்து வைப்பது, அறை ஒதுக்குவது. இரண்டாவது, வேலையைப் பங்கு போட்டுத் தனித்தனியே செய்வது. மூன்றாவது, ஒரே பாடத்தை இருவரும் சேர்ந்து திட்டமிட்டு, சேர்ந்து நடத்தி, சேர்ந்து மதிப்பிடுவது. நான்காவது, அதையே பள்ளி முழுக்கப் பாடத்திட்டமாகச் செய்வது.

இதை ஏணியாக எடுத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சிதான் மிச்சம். இன்று என் பள்ளியில் மூன்றாவது கட்டத்தில் இருப்பது இரண்டே ஆசிரியர்கள். ஐந்தாறு பேரோடு முதல் கட்டம். ஒரு கணக்கு சாரோடு வணக்கம் மட்டும். இதுவே எனக்கு நிறைய என்றுதான் படுகிறது.

டைம்டேபிள் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 26 பீரியட் ஆணியடித்தால் யாராலும் எதுவும் முடியாது. நான் தலைமை ஆசிரியரிடம் கேட்டது வாரம் மூன்று வெற்றுப் பீரியட். அதற்கே ஒரு வருடம் ஆனது. ஒரு நோட்டில் குறித்து வைத்துக் காட்டினேன்: எந்தெந்த வகுப்பு முன்னறிவிப்பில்லாமல் வந்தது, எத்தனை பேர், எத்தனை பேருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. புலம்பலுக்குக் கிடைக்காத பீரியட் அந்த நோட்டுக்குக் கிடைத்தது.

நடுப்பக்கம்

தமிழாசிரியை. ஒரு சின்னக் குறை: நூலகர்கள் எப்போதும் மொழி ஆசிரியர்களிடமே வருகிறீர்கள். வாசிப்பு என்றால் நாங்கள்தான் என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். கணக்கு, உடற்கல்வி, ஓவியம் பக்கமும் போங்கள்.

இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லும் ரங்கநாதனே கணக்கு வாத்தியார்தானே. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த புதிதில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் வெறுத்துப்போய், பழைய வேலைக்கே திரும்ப அனுப்புங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதியதும் அதே மனிதர்தான். ஏழு வாரத்தில் மனம் விட வேண்டாம், புதுச்சாவி.

புதுச்சாவி

ரங்கநாதன் கதை தெரியாது. இன்று இரவு தூக்கம் வரும்.

கரும்பலகை சார் சொன்ன "உதவி கேளுங்கள்" வழியை முயன்று பார்க்கிறேன். வானியல் அடுக்கு படுமோசமாக இருக்கிறது. அதே அறிவியல் டீச்சரிடமே போகிறேன். ப்ராஜெக்ட் பற்றி ஒரு வார்த்தை பேசுவதாக இல்லை.

புதுச்சாவி
(மூன்று வாரம் கழித்து)

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் வந்தார். 523.4இல் இருந்த பதினொரு புத்தகங்களையும் மேசையில் பரப்பினோம். நான்கில் கோள்கள் ஒன்பது. புளூட்டோவைக் குறுங்கோளாக மாற்றியது 2006 ஆகஸ்டில், அதற்கு முன் அச்சான புத்தகங்கள். கழித்துவிடலாம் என்று எடுத்து வைத்தேன். டீச்சர் மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் திரும்ப எடுத்தார். "இது இருக்கட்டும். புத்தகத்துல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்னு நினைக்கிற பசங்களுக்குக் காட்டணும்" என்றார்.

அப்போது அவராகவே நீர் ப்ராஜெக்ட்டை இழுத்தார். 34 பேரில் ஒரே ஒரு பெண் மட்டும் புத்தகத்திலிருந்து எழுதியிருந்தாளாம். நன்னீர் 3 சதவீதம் என்று. மற்ற எல்லாரும் 2.5. டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். அந்தப் பெண் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். "என்ன சொல்றதுன்னு தெரியலை, மார்க்கைத் திருப்பிப் போட்டுட்டேன்" என்று சிரித்தார்.

அங்கேயே நின்றபடி ஒரு கேள்வி உருவானது. நான் பாதி சொன்னேன், அவர் மீதி: "பூமியிலுள்ள நீரில் நன்னீர் எவ்வளவு? அதில் நாம் எளிதில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது எவ்வளவு? இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து எண்ணைக் கண்டுபிடி. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று எழுது." ஒரு பக்கம் போதும். படம் வேண்டாம். அதே வகுப்புக்கு, இரண்டு பாடவேளை.

தாள்வாசனை அக்கா சொன்னபடி 333.91, 363.61, 628.1 என்று அலைந்து 23 புத்தகங்களை ஒரு தள்ளுவண்டியில் சேர்த்தேன். அக்கா, நீங்கள் இருபது என்றீர்கள்!

முதல் நாள் சொதப்பல். ஆதாரம் குறிப்பது எப்படி என்று ஆரம்பத்தில் பேசினேன். மூன்று நிமிடம் என்று திட்டம், பன்னிரண்டு நிமிடம் பேசியிருக்கிறேன். டீச்சர் பின்னாலிருந்து கடிகாரத்தைப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். ஒருவர் புத்தகத்தில் உப்புநீர் 97, இன்னொருவரிடம் 97.5, மூன்றாவது பெண்ணிடம் பூமியின் பரப்பில் 71 சதவீதம் நீர். "எது மிஸ் சரி?" என்று எல்லாப் பக்கமிருந்தும் சத்தம். டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போய்விட்டார், விடையை எழுத. நான் ஏதும் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. நல்லவேளை.

இரண்டாம் நாள் நான் பேசவே இல்லை. பிரிண்ட் கேட்டானே, அந்தப் பையன் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் "இவங்க ரவுண்ட் பண்ணியிருப்பாங்களோ மிஸ்?" என்றான். டீச்சரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதோடு விடவில்லை. "நன்னீர்ல மூணுல ரெண்டு பங்கு பனியா கிடக்குதாம். அப்போ ரெண்டரையும் நமக்கு இல்லையே." ஆனால் முக்கால்வாசிப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வரவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டுப் பேர் இரண்டாவது மூலத்தைப் பக்கத்து நோட்டிலிருந்துதான் எடுத்தார்கள்.

கரும்பலகை7

உங்கள் டீச்சர் இடத்தில் நான் இருந்தாலும் சாக்பீஸை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். வகுப்பு குழம்பினால் கை தானாகப் போர்டுக்குப் போகும். பிள்ளை குழம்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்கு எங்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

தாள்வாசனை

அந்தக் குழப்பம் சொதப்பல் இல்லை, புதுச்சாவி. பன்னிரண்டு நிமிடம் பேசியது சொதப்பல், அதை ஒப்புக்கொள்கிறேன்.

தேடலின் நடுவில் மாணவர்களுக்கு என்ன ஆகிறது என்று நூலகவியல் ஆய்வாளர் கரோல் கூல்தாவ் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தவர். அவர் கண்டது இது: தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் தெம்பு வரும், அதன் பின் தேடித் துழாவும் கட்டத்தில் அது சரியும். தகவல் சேரச் சேர நிச்சயமின்மை கூடும். தனக்கென்று ஒரு கோணம் பிடிபட்ட பிறகுதான் தெளிவு. நாமெல்லாம் அந்தச் சரிவைப் பார்த்ததும் பயந்து விடையைக் கொடுத்துவிடுகிறோம்.

இதை டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லி வையுங்கள்: "முதல் பீரியட் கடைசியில் ரகளையாக இருக்கும், இரண்டாவதில் சரியாகும்." முன்பே தெரிந்தால் சாக்பீஸ் கைக்குப் போகாது.

நடுப்பக்கம்

மதிப்பெண் யார் போட்டது? எங்கள் பள்ளியில் எல்லா ஒத்துழைப்பும் அந்த இடத்தில்தான் முறியும்.

புதுச்சாவி

20க்கு டீச்சர் போட்டார். அதில் 5 மட்டும் "எங்கிருந்து எடுத்தாய், ஏன் நம்பினாய்" என்ற பகுதிக்கு. அதை என்னைப் பார்க்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவரே தந்தார். ஒரு பிள்ளைக்கு நான் 2 போட்டிருந்ததை 4 ஆக்கினார். "இவ இவ்வளவு எழுதினதே பெரிய விஷயம்" என்றார். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, அவருக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.

கரும்பலகை7

மதிப்பெண்ணில் கால் பங்கு கொடுத்தாரா? புதுச்சாவி, நீங்கள் நினைப்பதைவிட அது பெரிய விஷயம்.

ஒற்றைஆள்

புத்தகம் சரி. இணையத்துக்கு என்ன செய்கிறீர்கள்? மர ஆக்டோபஸ் பக்கத்தைக் காட்டி ஏமாற்றும் பாடத்தை நானும் ஒரு வருடம் நடத்தினேன். மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்து வருகிறது என்று 1998இல் வேடிக்கைக்காகப் போட்ட இணையதளம் அது. இப்போது பெயரைத் தட்டியதுமே பொய் என்று தேடுபொறி சொல்லிவிடுகிறது. இதில் சாட்பாட் வேறு. நான்கு பக்கம் என்ன, நாற்பது பக்கம் தரும்.

தாள்வாசனை

தேடியதும் பொய் என்று தெரிந்துவிடுகிறது என்றால், பாடமே அதுதானே! ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்களைக் கவனித்தபோது கண்டது இதைத்தான். தெரியாத தளத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் அதை மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. உடனே வேறு டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். நாம் இத்தனை காலம் பிள்ளைகளிடம் கொடுத்த "தளம் அழகாக இருக்கிறதா, எழுத்துப் பிழை உண்டா, தொடர்பு முகவரி உண்டா" பட்டியலுக்கு நேர் எதிர். நானும் அந்தப் பட்டியலை லேமினேட் செய்து ஒட்டியிருந்தேன். போன வருடம்தான் கிழித்தேன்.

சாட்பாட்டுக்கும் எனக்குத் தெரிந்தது கேள்வியை மாற்றுவதுதான். "நீர் பற்றி எழுது" என்றால் அது எழுதும். "இந்த இரண்டு புத்தகத்தில் எண் ஏன் மாறுகிறது" என்று கேட்டால், புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவன் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும்.

புதுச்சாவி

இப்போது வேறு தலைவலி. அந்த டீச்சர் ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறார் போல. புவியியல் சாரும் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில டீச்சரும் ஒரே நாளில் வந்து கேட்டார்கள், இருவருக்கும் வியாழன் மூன்றாவது பீரியட்தான் வேண்டுமாம். யாருக்குச் சரி சொல்வது?

தாள்வாசனை

கேள்வியை முதலில் காட்டுகிறவருக்கு.

ஒற்றைஆள்

இங்கே இரண்டு முறை புலம்பிவிட்டேன், அதனால் இதையும் பதிவு செய்கிறேன். இன்று வரலாறு சார் வழக்கம்போல வாசலில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த ப்ராஜெக்ட் கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். புத்தகம் எடுத்து வைக்க என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, நோட்டுக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார்.

"போக்குவரத்து. ஆறு பக்கம். படங்களுடன்."

388இல் ஆரம்பித்திருக்கிறேன். கேள்வியைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை.